அக்காவின் காது

அத்தானிடம் எதையும் பாதி சொல்லிவிட்டு நகர முடியாது. "சரி, அதை விடுங்க" என்று நாமே பேச்சை மடக்கினாலும் அவர் விட மாட்டார். தலையை லேசாகச் சாய்த்து, "அப்புறம்?" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் அவரைத் தேடி வந்து உட்காருவார்கள். ஒரு கல்யாணத்தில் லால்குடிச் சித்தி தன் முழங்கால் வலியைச் சொல்ல ஆரம்பித்து, ஒரு பந்தி முடிந்து அடுத்த பந்திக்கு இலை போடும்வரை சொன்னாள். நாங்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக் கழன்றுகொண்டோம். அவர் மட்டும் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்து கேட்டார். பல மாதம் கழித்துச் சித்தியைப் பார்த்தபோது, "அந்த எண்ணெய் போட்டதுக்கப்புறம் படி ஏற முடியுதா?" என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். சித்திக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்கு என்னவோ அது கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. மனுஷன் என்றால் பாதி கேட்டு, பாதி மறக்க வேண்டாமா? இவர் பேசுகிறவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். கேட்கக் கேட்க இவருடைய உதடும் சத்தமில்லாமல் கூடவே அசையும்.

அவருக்குக் காந்தி மார்க்கெட்டில் அண்ணனோடு சேர்ந்து வெங்காய மண்டி. எவ்வளவுதான் துவைத்த சட்டையானாலும் காலர் மடிப்பில் ஒரு வெங்காயச் சருகு ஒட்டியிருக்கும். கவிதா அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கும் இருந்தது. அக்கா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அம்மா சமையலறையில் வைத்து அவளைக் கிள்ளினாள்.

அக்கா பெரிய பேச்சுக்காரி. எங்கள் வீட்டில் அவள் பேச்சை யாரும் முழுசாகக் கேட்டதில்லை. அப்பா இருந்தவரை டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். அம்மா மிக்ஸியைப் போட்டுவிடுவாள். நான் காதில் இயர்போனை மாட்டிக்கொள்வேன். கல்யாணமாகிப் போய் முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது அக்கா என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், "அவரு கேக்குறாருடி" என்றாள். மற்ற பெண்கள் புருஷன் நகை வாங்கித் தந்ததைச் சொல்வார்களே, அந்த முகத்தோடு சொன்னாள்.

இரண்டு பேரும் பாலக்கரையில் குடியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு வண்டியில் வருவார்கள். அக்கா புடவைக்காரி. பின்சீட்டில் ஒருபக்கமாக, இடது பக்கம் காலைத் தொங்கப்போட்டு உட்காருவாள். வலது கை அவர் தோளில், வாய் அவர் இடது காதருகே. பாலக்கரையில் ஆரம்பித்தால் காவிரிப் பாலம் தாண்டி எங்கள் வாசலில் இறங்கும்வரை ஓயாது. ஹெல்மெட் போட்டால் அவள் பேசுவது விழாது என்று அவர் அதைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொள்வார். போலீஸ்காரர் நிற்கும் இடம் வந்தால் மட்டும் அது தலைக்கு ஏறும். நாங்கள் எல்லோரும் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

அவர்கள் சேர்ந்து போன கடைசிப் பயணம் லால்குடி ரோட்டில். அக்கா ஏதோ சொல்லியிருக்கிறாள். பின்னால் வந்த லாரியின் ஹாரனில் அது அமுங்கிவிட்டது. இவர் என்னவென்று கேட்கத் தலையைத் திருப்பியிருக்கிறார். இதை அவரே எங்களிடம் சொன்னார், தலையில் கட்டோடு, எங்கள் வீட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு. அக்கா அந்த இடத்திலேயே போய்விட்டாள். இவருக்கு இடது காதுக்கு மேலே எலும்பில் விரிசல். உயிர் தங்கியது, அந்தக் காது போய்விட்டது.

ஒரு காதுதானே போச்சு, இன்னொன்று இருக்கிறதே என்று துக்கம் கேட்க வந்தவர்கள் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பக்கத்தில் இருந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்ல இரண்டு காதும் வேண்டுமாம். இவருக்கு உலகத்துச் சத்தம் எல்லாம் வலது பக்கத்திலிருந்தே வந்தது. மார்க்கெட்டில் இடது பக்கம் நின்று கூப்பிட்டால் வலது பக்கம் திரும்பி ஆளைத் தேடுவார். ஏலத்தின்போது நாலாபக்கமும் விலை கேட்பார்கள். எது யார் குரல் என்று பிரிக்க முடியாமல் நடுவில் நின்று விழிப்பார். வேலைக்காரர்கள் முதலில் பரிதாபப்பட்டார்கள், பிறகு சிரித்தார்கள். கடைசியில் அண்ணன் இவரைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டார். எங்கே போனாலும் எல்லோரும் தன் வலது பக்கம் வருகிற மாதிரி ஓரத்து நாற்காலியாகப் பார்த்து உட்காருவார். அந்த இடம் கிடைக்காத விசேஷங்களுக்குப் போவதையே விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் வீட்டுக்கு வருவது நிற்கவில்லை. வண்டியை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் வருவார். ஒரு நாள் அம்மா, அந்தக் காதில் சுத்தமாக ஒன்றுமே கேட்கவில்லையா என்று விசாரித்தாள். அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"சும்மா இல்ல அத்தை அது. உள்ள ஒரு சத்தம் இருக்கு. யாரோ பேசறதுக்கு முன்னாடி மூச்சு இழுப்பாங்கல்ல, அது மாதிரி. இழுத்துக்கிட்டே இருக்கு. ஆனா பேச மாட்டேங்குது."

அம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். செத்த காதில் மூளையே உண்டாக்கிக்கொள்ளும் இரைச்சல் அது, நிறையப் பேருக்கு இருப்பதுதான் என்று பிறகு டாக்டர் சொன்னார். சொல்லி என்ன? அதற்கப்புறம் அவருடைய இடது பக்கமாக நான் நடந்து போகும்போதெல்லாம் எனக்கு முதுகு கூசும்.

அந்த டாக்டர்தான் ஆபரேஷன் செய்யச் சொன்னார். காதின் உள்ளே இருக்கும் நத்தைச் சுருள்தான் கெட்டிருக்கிறது, நரம்பு நன்றாக இருக்கிறது. சாதாரணக் காது மெஷினால் பிரயோஜனமில்லை. உள்ளே ஒரு மெல்லிய கம்பியை வைத்தால் அது நேராக நரம்புக்குச் சத்தத்தைக் கொடுக்கும் என்றார். இரண்டு காதும் போனவர்களுக்குச் செய்வதை இப்போது ஒரு காது போனவர்களுக்கும் செய்கிறார்களாம். தம்பி மண்டியில் மறுபடி எழுந்து நிற்கலாம் என்ற ஆசையில் அண்ணன் ஏற்பாடு செய்தார். தையல் ஆறி, காதுக்குப் பின்னால் ஒரு மெஷினும், தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்டமும் மாட்டினார்கள். போட்ட அன்றைக்கே எல்லாம் கேட்டுவிடும் என்று அம்மா பாயசம் வைத்திருந்தாள். அவருக்குக் கேட்டது எவர்சில்வர் டம்ளருக்குள் ஆணியைப் போட்டுக் குலுக்குகிற சத்தம்தான். நாங்கள் பேசியது, பிரஷர் குக்கர், தெருவில் போன ஆட்டோ எல்லாம் ஒரே குலுக்கல்.

மன்னார்புரத்தில் அவருக்குக் கேட்கும் பயிற்சி கொடுத்த ஆடியாலஜிஸ்ட் ஒரு சின்னப் பெண். அந்தக் காது இனிமேல்தான் கேட்கப் படிக்க வேண்டும், நல்ல காது அதற்கு விட்டுக்கொடுக்காது, அதனால் போனை நேராக அந்த மெஷினோடு இணைத்து இடது காதில் மட்டும் தினமும் பேச்சைக் கேளுங்கள் என்றாள். பழகியவர்கள் யாராவது படித்துப் பதிவு செய்து கொடுத்தால் நல்லது என்றாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயிற்சியைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. அக்கா இறந்த வீட்டுக்குத் தங்கையைக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் புதிதில்லை. அவர்களுக்குக் குழந்தை இல்லை. நல்ல மாப்பிள்ளை வெளியே போய்விடக் கூடாது. எனக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. இத்தனையையும் வாயைத் திறக்காமலே சொல்ல அம்மாவுக்குத் தெரியும்.

நான் அம்மாமண்டபம் ரோட்டில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்த்தேன். நாள் முழுக்கப் போனில் பேசுகிற வேலை, ஆனால் பேசுவது எதுவும் என் பேச்சில்லை. மத்தியானம் டாக்டர் சாப்பிடப் போனதும் அத்தானுக்காகச் செய்தித்தாள் படித்துப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். கொஞ்ச நாளில் செய்தித்தாள் குறைந்து என் சமாச்சாரம் கூடிவிட்டது. பல் பிடுங்க வந்தவர் பயந்து கழுத்தில் கட்டிய துண்டோடு ஓடியது, காலேஜில் பாட்டுப் போட்டிக்குப் பேர் கொடுத்துவிட்டு மேடை ஏறாமல் வந்தது, யாரிடமும் சொல்லாத சில்லறை விஷயங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் அவர் "அப்புறம்?" என்று கேட்பதாக நினைத்துக்கொள்வேன். அக்கா சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று, மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

அனுப்பியதைக் கேட்டுவிட்டால் பக்கத்தில் இருக்கும் சின்ன மைக் நீலமாக மாற வேண்டும். என்னுடையது எதுவும் மாறவில்லை. காது மெஷின் வழியாகக் கேட்டால் அப்படித்தான் போலிருக்கிறது என்று எனக்கு நானே ஒரு பதில் தயார் செய்து வைத்துக்கொண்டேன்.

காது தேறியது. ஆடியாலஜிஸ்ட் ஆச்சரியப்படுகிற அளவுக்குத் தேறியது. அவர் மறுபடி ஏலத்தில் நின்றார். நாலு பக்கக் குரலையும் பிரித்துக் கேட்கிறார், இனி கவலையில்லை என்று அண்ணன் போன் செய்து சொன்னார். அம்மா ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்தாள். அவர் மீண்டும் வண்டியை எடுத்தார்.

அடுத்த பரிசோதனைக்கு நீயும் கூடப் போ என்று அம்மா என்னை அனுப்பினாள். உன் குரலில் தேறிய காதுதானே என்றாள். லட்சணமாக இருக்க வேண்டுமென்று புடவை வேறு. ஆகவே நானும் ஒருபக்கமாக, இடது பக்கம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தேன். அவர் தலையில் ஹெல்மெட் இல்லை. போட்டால் காதுக்குப் பின்னால் இருக்கும் மெஷின் கழன்றுவிடுமாம். என் முகத்துக்கு நேரே அந்தக் கறுப்பு வட்டம் அவர் முடிக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது.

கிளம்பியதிலிருந்து நான் ஏதேதோ பேசினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "அப்புறம்?" என்றார். பதிவில் நினைத்துக்கொண்டதை நேரில் கேட்டபோது எனக்குச் சந்தோஷத்தில் பேச்சு குளறியது. காவிரிப் பாலத்தில் ஏறியபோது வெயிலில் ஆறு மணலாகக் கிடந்தது. அவர் மெல்லச் சொன்னார்.

"உங்கம்மா நித்யாவை எனக்குக் கட்டி வைக்கணும்ங்கறாங்க. நல்ல பொண்ணுதான். நீ என்ன சொல்றே?"

நித்யா நான்தான். முதலில் வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு என் கை அவர் தோளிலிருந்து தானாக விலகியது. பதில் வராததால் அவர் கேட்பதற்காகத் தலையை இடது பக்கம் திருப்பினார். எதிரே ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. திருப்பிய முகத்தில் அத்தனை பொறுமை. நான் சொல்கிறவரை இந்தத் தலை முன்னால் திரும்பாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"ரோட்டைப் பாருங்க" என்று கத்தினேன்.

உடனே திரும்பிக்கொண்டார். பஸ் உரசுகிற மாதிரி போனது. "சரிம்மா, சரிம்மா, கோவப்படாத" என்றார். அவர் என்னை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அக்காவைத்தான் கூப்பிடுவார்.

பரிசோதனையில் அவர் வலது காதை அடைத்துவிட்டு, பின்னால் நின்று நான் சொல்கிற வாக்கியத்தை அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆடியாலஜிஸ்ட் கொடுத்த தாளிலிருந்து, "நாளைக்கு மழை வரும்" என்று படித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஏங்க, நாளைக்கு மழை வருமாம்" என்றார். "கடையில் பால் இல்லை" என்று படித்தேன். "ஏங்க, கடையில பால் இல்லைங்க" என்றார். வாக்கியம் சரி, கொஞ்சம் சொந்தச் சரக்குச் சேர்க்கிறார் என்று அந்தப் பெண் சிரித்தாள். நான் தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வெளியே வந்ததும் அவருடைய வலது பக்கம் போய் நின்றேன். என் பதிவுகளைக் கேட்டீர்களா என்று கேட்டேன். பொய் சொல்லத் தெரியாத மனுஷன், போனை எடுத்து நீட்டினார். நான் அனுப்பியது அத்தனையும் திறக்கப்படாமல் வரிசையாகக் கிடந்தது. அதற்குக் கீழே அக்காவின் பெயர் இருந்தது. அவள் இருந்தபோது அவருக்கு அனுப்பிய குரல் செய்திகள். பால் வாங்கிட்டு வாங்க, கேஸ் வந்துடுச்சு, இந்த நித்யா கழுதை என் சுடிதாரைத் திருப்பித் தரவே இல்ல. எல்லாம் அவருக்கு மனப்பாடம். தெரிந்த பேச்சு என்பதால்தான் அந்தக் காது அவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டது. மாதக்கணக்கில் அந்த ஒரு குரலைத் தவிர வேறு எதையும் அவர் அதற்குக் கொடுக்கவில்லை. பேச்சு என்றால் இதுதான் என்று அது படித்துக்கொண்டுவிட்டது.

"இப்ப யாரு பேசினாலும் அந்தக் காதுல கவிதாதான்" என்றார்.

ஆம்பளைகள் பேசினாலுமா என்று கேட்டேன். எல்லாரும்தான் என்றார். ஏலத்தில் விலை கேட்கிறவர்கள், டீக்கடைக்காரர், பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற கண்டக்டர், அண்ணன். அப்படியானால் மண்டியில் எப்படி ஆளைப் பிரிக்கிறீர்கள் என்றேன். ஆள் யார் என்று வலது காது சொல்லிவிடும், எங்கே நிற்கிறார்கள் என்று இரண்டும் சேர்ந்து சொல்லிவிடும், வேலைக்கு அது போதும் என்றார். இடது காதோரம் நெருங்கிப் பேசினால்தான் அந்த ஆளே மறைந்து, முழுக்க அவள் ஒருத்திதான் இருப்பாளாம்.

"மூட்டை தூக்குறவன் கெட்ட வார்த்தை பேசுவான். அதுவும் அவ குரல்லதான் வருது. அவ வாயில அப்படியெல்லாம் வராது, கேக்கக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா பேசுறாளே, நித்யா."

மன்னார்புரம் சிக்னலில் அத்தனை வண்டிகளும் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. நான் என்னென்னவோ சொன்னேன். அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லுங்கள், மெஷினை மாற்றி அமைப்பாள், பல பேர் குரலைக் கேட்டால் காது தானாகச் சரியாகிவிடும், அக்காவின் பதிவுகளைக் கொஞ்ச நாள் கேட்காமல் இருங்கள், நான் கூட இருக்கிறேன் என்றேன். ஒரு வார்த்தை சிந்தாமல் கேட்டுக்கொண்டார். என் உதட்டோடு அவர் உதடும் அசைந்தது. எல்லாவற்றையும் கேட்டு முடித்து அவர் சொன்னது ஒன்றுதான்.

"ஒரு காது உனக்கு, ஒரு காது அவளுக்கு. போதாதா?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நியாயமாகப் பங்கு பிரித்துக் கொடுக்கிற மாதிரிதான் கேட்டார். ஒரு நிமிஷம் எனக்கே போதும் என்று தோன்றியது, அதுதான் எனக்குப் பெரிய பயம். அவர் கூப்பிடக் கூப்பிட நான் டவுன் பஸ்ஸில் ஏறி ஸ்ரீரங்கம் வந்துவிட்டேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாலத்தில் நடந்தது, ஏங்க என்று திருப்பிச் சொன்னது, எதையும் விடவில்லை. இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம், அவருக்குப் பக்கத்தில் நான் இருக்க மாட்டேன், அக்காதான் இருப்பாள் என்றேன். அம்மா திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிஜமாகவே அவள் குரல்தானாமா என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கம்போல வந்தார். என்னைப் பார்க்கச் சங்கடப்பட்டுக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அம்மா ஒரு ஸ்டூலை இழுத்து அவருடைய இடது பக்கம் போட்டு உட்கார்ந்தாள். அவர் வலது காதைக் கையால் பொத்திக்கொள்ளச் சொன்னாள். அவர் பொத்திக்கொண்டார். அக்கா போனதிலிருந்து அம்மா அவள் பெயரைக்கூடச் சொன்னதில்லை. இப்போது குனிந்து, அந்த மெஷினுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, அக்கா இருந்தபோது தினமும் போனில் தன்னிடம் கேட்ட மாதிரியே கேட்டாள்.

"அம்மா, சாப்பிட்டியா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டார்.

"சாப்பிட்டியான்னு கேக்குறா, அத்தை."

"சாப்பிட்டேன்டி" என்றாள் அம்மா.

சமையலறை வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பேரும் என் பக்கம் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அம்மா கல்யாணப் பேச்சை எடுக்கவே இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், ஆனால் வலித்தது. கோயம்புத்தூரில் ஒரு வேலை கிடைத்ததும் கிளம்பிவிட்டேன். கிளம்பும்போது இரு என்று யாரும் சொல்லவில்லை. அத்தானை அப்புறம் நான் நேரில் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் வருவதாகவும், சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பதாகவும் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

போன புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காய்ச்சல். ஹாஸ்டலில் படுத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டேன். குரல் கேட்டால் போதும் என்றிருந்தது. ரொம்ப நேரம் மணி அடித்த பிறகு எடுத்தாள். உடம்பு சரியில்லை என்று நான் ஆரம்பிப்பதற்குள் தாழ்ந்த குரலில் அவசரமாகச் சொன்னாள்.

"அக்காகிட்ட பேசிட்டிருக்கேன்டி. அப்புறமா கூப்புடு."